பன்னிரண்டாம் தேதி நைட் ஷிப்ட்

சென்னையிலிருந்து ஐந்தரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர் நெய்வேலி. நான் அங்கே போய்ச் சேரப் பதினோரு வருடம் ஆனது. காரணம் தூரம் இல்லை, என் மனைவி ஸ்டெல்லா. அங்கிருந்து கல்யாணம் என்று அழைப்பு வந்தாலும் சரி, விருந்து என்று வந்தாலும் சரி, அவளுக்கு அன்றைக்குத் தலைவலி வந்துவிடும். இந்த மே மாதம் அவளுடைய சித்தப்பா மகள் ரீட்டாவின் பெண்ணுக்குப் புதுநன்மை. பிள்ளை முதல்முதலாக நற்கருணை வாங்குகிற நாளில் பெரியம்மா இல்லாமல் எப்படி என்று ரீட்டா போனிலேயே அழுதுவிட்டாள். "சனிக்கிழமை போறோம். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பஸ்ஸு" என்ற நிபந்தனையோடு ஸ்டெல்லா கிளம்பினாள்.

தலைவலி எதனால் என்று எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் அவளுக்கு நெய்வேலியில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். மைன்ஸில் பர்மனெண்ட் வேலை, குவார்ட்டர்ஸ், பெயர் அமல்ராஜ். தரகர் கிடையாது, பேப்பர் விளம்பரத்தைப் பார்த்து இரண்டு வீட்டாரும் நேரடியாகக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். பன்னிரண்டாம் தேதி காலை பெண் பார்க்க வருவதாக எழுதியவர்கள் வரவில்லை. விழுப்புரத்தில் என் மாமனார் வீட்டில் சொந்தக்காரர்கள் கூடி, பஜ்ஜி போட்டு, அது ஆறி, மறுபடி போட்டு, அதுவும் ஆறியது. மறுநாள் விடியற்காலையிலேயே மாமா அவமானம் தாங்காமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரையும் திண்டிவனத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். அங்கே வைத்து அந்த வாரமே காட்டிய பையன் நான்.

"வந்துகூடப் பாக்காம வேணாம்னுட்டாங்க" என்று ஸ்டெல்லா ஒரே ஒரு தடவை, கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கிறாள். அப்புறம் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நான்தான் எடுத்துக்கொண்டே இருக்கிறேன், மனசுக்குள். வில்லிவாக்கத்தில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும்போதும் சரி, வாடகை ஏறும்போதும் சரி, அந்த முகம் தெரியாத ஆள் நெய்வேலியில் குழாயைத் திறந்து குளித்துக்கொண்டிருப்பான் என்று தோன்றும்.

இனி பயணம். மகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, கோயம்பேட்டில் காலை 5.40 பஸ். ஆளுக்கு 82 ரூபாய். விக்கிரவாண்டியில் இட்லிக்கு இருபது நிமிடம் நின்றார்கள் (தயவுசெய்து சட்னியைத் தொடாதீர்கள்). பண்ருட்டி தாண்டியதும் மண் சிவப்பாகிறது, இரண்டு பக்கமும் முந்திரி. 11.10-க்கு ஆர்ச் கேட்டில் இறங்கினோம். ரீட்டா வீட்டுக்கு ஆட்டோ நாற்பது ரூபாய். ஆட்டோக்காரர் முகவரி கேட்கவில்லை, "எந்த பிளாக்?" என்றுதான் கேட்டார். இந்த ஊரில் பிளாக் என்றால் குடியிருப்புப் பகுதி; இன்டர்நெட்டில் நான் எழுதும் இந்தப் பிளாக்கை அங்கே ஒருவருக்கும் தெரியாது.

கேட்டைத் தாண்டியதும் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. மறைத்து என்ன ஆகப்போகிறது? இரண்டு லாரி ஒன்றாகப் போகும் அகலத்துக்கு ரோடு, அதில் ஒரே ஒரு சைக்கிள். ரோட்டின் இரண்டு பக்கமும் மரம். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் தோட்டம், பின்னால் தோட்டம், வீட்டுக்கு ஒரு மா, ஒரு பலா. ரீட்டா வீட்டுக் கொல்லையில் மாடு கட்டலாம், மாட்டோடு கன்றையும் ஓடவிடலாம். நாங்கள் குடியிருக்கும் முழு வீடும் அவள் துணி காயப்போடும் இடத்துக்குள் அடங்கிவிடும். "கரண்ட் கட்டே கிடையாதா?" என்று கேட்டேன். ரீட்டா யோசித்துவிட்டு, "போன வருஷம் ஒரு தடவ போச்சு மச்சான்" என்றாள். அதை அவள் குறையாகச் சொன்னாள்!

மாலை மூன்று மணிக்கு, "சும்மா ஊரைச் சுத்திட்டு வரேன்" என்று கிளம்பினேன். சும்மா இல்லை. மாமாவின் இரும்புப் பெட்டியில் அந்தக் கடிதத்தை ஒருமுறை பார்த்திருக்கிறேன். கோபத்தில் கிழிக்காமல் சாட்சிக்கு வைத்திருந்தார். அதிலிருந்த பிளாக் நம்பரும் வீட்டு நம்பரும் எனக்கு மனப்பாடம். என் கல்யாண நாள்கூட எனக்குச் சில வருடம் மறந்துபோகும், இந்த நம்பர் மறந்ததில்லை. வீட்டை வெளியிலிருந்து ஒரு தடவை பார்த்தால் போதும் என்று நினைத்தேன்.

நெய்வேலியை நடந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எல்லா ரோடும் ஒரே மாதிரி, எல்லா வீடும் ஒரே மாதிரி, எல்லா ரவுண்டானாவும் ஒரே மாதிரி. அரை மணி நேரத்தில் ஒரே ரவுண்டானாவுக்கு மூன்று முறை வந்து சேர்ந்தேன். மூன்றாவது முறை அங்கே படுத்திருந்த நாய் என்னைப் பார்த்து வாலாட்டியது.

ஆனால் வழி தெரியாமல் சுற்றினால்தான் இந்த ஊர் கண்ணில் படுகிறது. காம்பவுண்டுச் சுவர்களில் கனமான மைன்ஸ் பூட்ஸ்கள் ஜோடி ஜோடியாகக் காய்கின்றன. மஞ்சள் ஹெல்மெட்டைக் கவிழ்த்து சைக்கிள் ஹேண்டிலில் மாட்டி, அதற்குள் கீரைக்கட்டும் கத்தரிக்காயும் போட்டு ஒருவர் வீட்டுக்குப் போனார். இன்னொரு வீட்டில் பழைய ஹெல்மெட்டில் ரோஜாச் செடி வைத்திருந்தார்கள். பல வீட்டுக் கதவுகளில் சிலேட் தொங்குகிறது: "நைட் ஷிப்ட். தூங்குகிறார். பெல் அடிக்காதீர்." ஒரு சிலேட்டில் பிள்ளைக் கையெழுத்தில் கூடுதலாக ஒரு வரி இருந்தது: "பந்து உள்ளே விழுந்தால் நாலு மணிக்கு மேல் கேட்கவும்." அந்தத் தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள், சத்தமில்லாமல். அவுட் ஆனால் கையைத் தூக்குகிறார்கள், அவ்வளவுதான். என் தெருவில் காலை ஐந்து மணிக்கு ஸ்பீக்கர் வைப்பவர்களை இங்கே ஒரு வாரம் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும்.

காய் விற்கும் அம்மா ஒருவர் கூடையோடு வந்தார், வாயே திறக்கவில்லை. சில வீட்டுக் கேட்டைத் தாழ்ப்பாளால் லேசாகத் தட்டுகிறார், சில வீட்டைத் தாண்டிப் போய்விடுகிறார். கூவாமல் எப்படி வியாபாரம் என்று கேட்டேன்.

"இந்த லைன்ல மூணு வூடு இந்த வாரம் நைட்டுங்க. கத்துனா வஞ்சுடுவாங்க" என்று கிசுகிசுத்தார். "குறிஞ்சிப்பாடிலேருந்து இருவது வருஷமா வந்துகினு இருக்கேன். எந்த வூட்டு ஆளு எந்த ஷிப்ட்டுன்னு அவங்க பொண்டாட்டி மறந்தாலும் நான் மறக்க மாட்டேன்."

அவரிடமே வழி கேட்டு, டீக்கடை ஒன்றில் ஒதுங்கினேன். டீ மூன்று ரூபாய். கடைக்காரர் கம்மாபுரத்துப் பக்கம். கிளாஸை நீட்டியபடியே, "சார் பர்மனெண்டா, கான்ட்ராக்டா?" என்றார். பிரைவேட் கம்பெனி, சென்னை என்றேன். "ஓ" என்று சொல்லிவிட்டு அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டார். அந்த 'ஓ' எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு அவரே திரும்பி வந்து, "எங்க நெலம் மைன்ஸுக்குப் போச்சு சார். காலைல நான் கான்ட்ராக்ட் வேல, சாயந்திரம் இங்க. இந்த ரோட்டுல மஞ்ச ஹெல்மெட் போறப்ப எல்லாம் வயிறு எரியும்" என்றார். எனக்கு நிலமும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை. ஆனாலும் அவரோடு சேர்ந்து உட்கார்ந்து மஞ்சள் ஹெல்மெட்டுகளைப் பார்த்தேன்.

கடிதத்திலிருந்த வீட்டைக் கண்டுபிடித்தபோது மணி 4.25. சின்ன வீடுதான். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. வாசலில் நின்ற பெண்மணி, "அமல்ராஜ் சாரா? அவர் கிரேடு ஏறி பெரிய குவார்ட்டர்ஸ் போயி நாலு வருஷமாச்சே" என்று கையை நீட்டிக் காட்டினார். வந்த நிம்மதி அங்கேயே போய்விட்டது. இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் நடந்தேன்.

பெரிய வீடுதான். வாசலில் பலா மரம், அடியிலிருந்து உச்சி வரை காய். மரத்தடியில் லுங்கியும் பனியனுமாக, அப்போதுதான் தூங்கி எழுந்த முகத்தோடு ஒருவர் பைப்பைப் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். குடிக்கிற தண்ணீரைச் செடிக்கு! தொப்பை உண்டு, முன் வழுக்கை உண்டு. இரண்டும் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. ரோட்டில் நின்று நான் முறைத்ததைப் பார்த்து, "யாரு வூடு சார் வேணும்?" என்றார். வழி தவறிவிட்டேன் என்றேன். "எல்லாருக்கும் அதான் சார். உள்ள வாங்க, தண்ணி குடிங்க" என்று கேட்டைத் திறந்துவிட்டார். கெட்ட ஆளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

அவர் மனைவி சொம்பில் தண்ணீரும் தட்டில் பலாச்சுளையும் கொண்டுவந்து வைத்தார். எந்த ஊர் என்று கேட்டார்கள். வாய் சும்மா இருக்குமா? சென்னை என்று நிறுத்தாமல், மாமனார் ஊர் விழுப்புரம் என்றும் சொல்லித் தொலைத்தேன்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். "விழுப்புரம்னா இவருக்குப் பூட்டு ஞாபகம் வந்துடும்."

"ஏய், போ" என்றார் அமல்ராஜ். அப்புறம் அவரே சொன்னார். "பழைய கதை சார். பொண்ணு பாக்க வேன் வெச்சுகினு போனோம். வூட்டுல பூட்டு. வரச் சொல்லிட்டுப் பூட்டிகினு போயிட்டாங்க. எங்கப்பா கோவக்காரரு, பக்கத்து வூட்டுல கேக்கக்கூட வுடல. வண்டியத் திருப்புன்னுட்டாரு. நைட் ஷிப்ட் முடிச்சு கண்ணு எரிய எரிய போனேன் சார், பதிமூணாந்தேதி. இன்னும் மறக்கல."

"பன்னெண்டு இல்லையா?" என்றேன். வாயில் பலாச்சுளை இருந்தது. அதையும் மீறி வந்துவிட்டது.

அவர் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "பன்னெண்டாந்தேதி நைட் ஷிப்ட் பன்னெண்டு ராத்திரி பத்து மணிக்குத்தானே சார் ஆரம்பிக்கும்? முடிஞ்சா பதிமூணு காலைலதானே? அப்படித்தான் லெட்டர்லயும் எழுதுனேன், 'பன்னிரண்டாம் தேதி நைட் ஷிப்ட் முடித்து காலையில் வருகிறோம்'னு." பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தார். "ஆமா, பன்னெண்டுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே இப்ப சொன்னீங்க" என்றேன். எழுந்துவிட்டேன். அவர் குழப்பத்தோடு, வந்தவரை வெறும் கையோடு அனுப்பக்கூடாது என்று ஒரு முழுப் பலாப்பழத்தைச் சாக்கில் கட்டிக் கையில் கொடுத்தார். எட்டு கிலோவாவது இருக்கும். தனக்கு வர வேண்டிய மனைவியை எனக்குக் கொடுத்தவர், பழத்தையும் கொடுத்தார். தோளில் சுமந்துகொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்தேன்.

நடந்த மூன்று கிலோமீட்டரும் ஒரே யோசனை. ஸ்டெல்லாவை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு ஊரே தேதியை ஷிப்ட்டாகப் பார்க்கிறது, மாமா தேதியைத் தேதியாகவே படித்தார், நடுவில் ஒரு ராத்திரி விழுந்துவிட்டது. அந்த ராத்திரிக்குள்தான் நான் நுழைந்திருக்கிறேன். இதை அவளிடம் சொன்னால் அவள் பதினோரு வருடக் காயம் ஆறிவிடும். கூடவே இந்த ரோடும், இந்தத் தோட்டமும், இந்தப் பலா மரமும் அவளுடையதாக இருந்திருக்க வேண்டியவை என்றும் தெரிந்துவிடும். சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன். ஆமாம், அல்பத்தனம்தான். பழம் ஏது என்று ரீட்டா கேட்டதற்கு முப்பது ரூபாய் கொடுத்து வாங்கினேன் என்றேன். "இந்த ஊரு பலாவே தனி" என்று ஸ்டெல்லா பதினாலு சுளை சாப்பிட்டாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை ஏழரைக்குப் பூசை. வெள்ளைக் கவுனும் தலையில் பூ வளையமுமாகப் பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். பிரசங்கம் ஆரம்பித்தபோது ஸ்டெல்லா திடீரென்று முக்காட்டை நெற்றி வரை இழுத்துக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் சாய்ந்தாள். எதிர் வரிசையில் மூன்று பெஞ்சு தள்ளி அமல்ராஜ். கடிதத்தோடு வந்த போட்டோவில் ஒரு தடவை பார்த்த முகம். பதினோரு வருடமும், தொப்பையும், வழுக்கையும் தாண்டி ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள். கோயம்பேடு கூட்டத்தில் என்னைக் கண்டுபிடிக்க அவளுக்குப் பத்து நிமிடம் ஆகும்.

கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் அவளைப் பார்த்தேன். தங்கை பிள்ளையின் நல்ல நாளில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஏதோ தப்பு செய்தவளைப்போல ஒளிந்துகொண்டிருந்தாள். அவர் பக்கமிருந்து இவள் போட்டோகூடக் கேட்டதில்லை, அந்த ஆளுக்கு இவள் யாரென்றே தெரியாது. ஆனாலும் ஒளிந்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அவங்க வந்தாங்களாம்" என்று அவள் காதருகில் சொன்னேன். "பதிமூணாந்தேதி. நைட் ஷிப்ட் முடிஞ்சா மறுநாள் காலைதானாம், அதைத்தான் எழுதியிருக்காங்க. வந்து பூட்டைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருக்காங்க. மாமாதான் தேதியைத் தப்பா எடுத்துக்கிட்டாரு."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிரசங்கம் முடியும்வரை பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நற்கருணை வாங்கப் போகும்போது முக்காடு சாதாரணமாக இருந்தது.

பூசை முடிந்ததும் கோயிலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் என் செல்லை வாங்கி அப்பாவுக்குப் போன் போட்டாள். "அப்பா, அவங்க வந்தாங்களாம்ப்பா. நம்மள யாரும் வேணாங்கலப்பா" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். மாமாவுக்குக் காது மந்தம். அவர் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அப்ப தப்பு என்மேலதானாம்மா?" என்றார். "நல்ல மனுஷங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். கையெழுத்தே அப்படி முத்து முத்தா இருக்கும்." பதினோரு வருடமாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நான் அவருக்கு வாழ்த்து அட்டை எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவள் செல்லை என்னிடம் திருப்பிக் கொடுக்கிற நேரம் பார்த்து அமல்ராஜ் மனைவியோடு வந்தார். "சார்! இங்கதான் இருக்கீங்களா? பழம் எப்படி இருந்துது?"

ஸ்டெல்லா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "முப்பது ரூபா?" என்றாள் மெதுவாக. அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரிடம் நேராகவே சொன்னாள். "பழம் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. நான் விழுப்புரம். பன்னெண்டாந்தேதி காலைல பஜ்ஜி போட்டு வெச்சுகினு காத்துகினு இருந்தோம்."

அவருக்குப் புரியச் சில விநாடி ஆனது. "பன்னெண்டு காலைலயா?" என்றார். "அய்யய்யோ." தலையில் கை வைத்துக்கொண்டார். "எங்களுக்கு அப்படிச் சொல்லியே பழக்கம்மா. வெளியூருக்கு எழுதறோமேன்னு தோணல. மன்னிச்சுக்குங்க. அப்பாகிட்டயும் சொல்லுங்க."

"அப்பாடா, இன்னையோட பூட்டு தெறந்துச்சு" என்று அவர் மனைவி சிரித்தார். மூன்று பேரும் சிரித்தார்கள். நான் செல்லில் மணி பார்த்தேன்.

திரும்பும்போது நேர் பஸ் கிடைக்கவில்லை. முத்தாண்டிக்குப்பம் வழியாகப் போகும் பஸ்ஸில் பண்ருட்டி போய் மாறிக்கொள்ளலாம் என்றார்கள். 1.15-க்கு ஏறினோம். பஸ் கிளம்பியதுமே, இதைக் கேட்காமல் என்னால் இருக்க முடியாது என்று தெரிந்து கேட்டுவிட்டேன். "மாமா தேதியைச் சரியாப் படிச்சிருந்தா?"

ஸ்டெல்லா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். முந்திரித் தோப்புகள் வந்தன, போயின. முத்தாண்டிக்குப்பத்தில் கூட்டம் ஏறியது. பண்ருட்டி பஸ் நிலையத்தில் இறங்கி, பையையும் மீதிப் பழத்தையும் என் கையில் கொடுத்துவிட்டுத்தான் சொன்னாள்.

"படிச்சிருந்தா இந்நேரம் பாத்திரம் சத்தம் கேக்காம கழுவிகினு, நைட் ஷிப்ட் மனுஷனுக்குக் காவல் காத்துகினு இருந்திருப்பேன். நீங்க விடிய விடிய குறட்டை விடறீங்க, நான் சத்தமாப் பேசறேன். வாங்க, பஸ்ஸு போயிடப் போகுது."

நல்ல பதில்தான். அதைக் கேட்டு நானும் சிரித்தேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மே மாதம் போனால் பலா கிடைக்கும், வெயிலும் கிடைக்கும். மூன்று மணிக்கு மேல் நடங்கள். கதவில் சிலேட் தொங்கினால் பெல்லைத் தொடாதீர்கள். வழி தெரியாவிட்டால் காய்க்காரம்மாவைக் கேளுங்கள், போர்டை நம்பாதீர்கள். நெய்வேலிக்காரர் யாராவது உங்களுக்குத் தேதி சொன்னால், எந்தக் காலை என்று இரண்டு தடவை கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழத்தை விலை கொடுத்தே வாங்குங்கள். நெய்வேலியிலிருந்து பண்ருட்டிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், டிக்கெட் ஒன்பது ரூபாய். கேள்வியை நான் கேட்டது நெய்வேலியில், பதில் வந்தது பண்ருட்டியில். நடுவில் இருக்கிற அந்த ஐம்பது நிமிடத்தைப் பற்றி நான் இன்னும் அவளிடம் கேட்கவில்லை.